அப்பாவின் பார்

அரசுப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "மைக்க நீட்டிட்டு வாரவன் நாம சொன்னதையா போடுதான்? அந்தக் கூட்டத்துல நீயும் சேரணுமாக்கும்" என்றார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினேன்.

அப்பா சந்தேகப் பிராணி. எங்கள் கீழவைப்பாரில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் யாரும் அப்படித்தான். கடலுக்கடியில் மீன் ஒதுங்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். அப்பா கண்டுபிடித்த பார் ஒன்று உண்டு. அங்கே நிற்கும்போது வேறு வள்ளம் கண்ணில் பட்டால், எஞ்சின் மக்கர் செய்வதுபோல் குனிந்து நோண்டிக்கொண்டிருப்பார். அந்த இடம் தெரிந்த இன்னொருவர், இருபது வருஷமாக அவரோடு தொழிலுக்குப் போன மாமா. மூன்றாவது ஆள் நான். ஜி.பி.எஸ். பழுதானால் வேண்டுமே என்று, பாரின்மேல் நிற்கும்போது கரையில் எந்தக் கோபுரம் எதற்கு நேரே தெரிய வேண்டும் என்பதை என்னைத்தான் நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை பாரின்மேல் நான்கு வள்ளங்கள் நின்றன. அப்பா வெறும் மீன்பெட்டியோடு கரைக்கு வந்தார். "கூட இருக்கவந்தான் சொல்லிருக்கான்" என்று வீட்டுக்குள் கத்தினார். எனக்கும் மாமாமேல்தான் சந்தேகம். போன மாதம் அவர் வேறொரு வள்ளக்காரரோடு டீக்கடையில் குசுகுசுவென்று பேசியதை அப்பாவிடம் நானே எடுத்துச் சொன்னேன். மறுநாள் அப்பா மாமாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சான்றிதழ்களை அடுக்கும்போது, விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையின் நகல் கையில் வந்தது. சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பாரைப் பற்றி எழுதியிருந்தேன். உண்மைபோல் இருக்க வேண்டுமென்று நோட்டிலிருந்த கோபுர அடையாளங்களை அப்படியே போட்டிருந்தேன். இடம் கிடைத்த சந்தோஷத்தில் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தேன். ஊரில் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

சொன்னால் படிப்பு போய்விடும். ஹாஸ்டலுக்குப் போனபின் போனில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அந்தப் புத்தி எனக்கே அருவருப்பாக இருந்தது. வியாழன் மத்தியானம் அப்பா சோற்றில் கைவைக்கும் முன் சொல்லிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். "வேற என்னத்தலாம் எழுதிப் போட்டிருக்க?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வள்ளத்தைப் பார்க்கிற பார்வையை அன்றுதான் என்மேல் வைத்தார். பிறகு, "போ. போயி படி. இங்கன இருந்து இன்னும் என்னத்தக் கெடுக்கப் போற" என்றார்.

மாமா வீட்டுக்குத் தனியாகப் போனேன். வலையைத் தைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"உங்கப்பன் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா?"

"இல்ல மாமா."

"நீ கேட்டியாளா?"

இந்தப் படிப்புக்கு எனக்கு யோக்கியதை உண்டா என்ற சந்தேகம் பஸ் ஏறியும் தீரவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். மாமா எங்கள் வள்ளத்தில் மறுபடி ஏறவேயில்லை.