கடைசிக்கு முந்தைய வண்டி

ஆண்கள் உடல்நலத்துக்காக நிதி திரட்டும் மோட்டார் சைக்கிள் ஊர்வலம் அது. கோட்டும் டையும் கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவை ஒட்டிய தெருவில் கூடியபோது, மாப்பிள்ளை மட்டும் வராத கல்யாணம் போல இருந்தது. கோட்டுகளில் பாதி அவரவர் கல்யாணத்தில் போட்டவை. பொத்தான் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. வண்டிகளெல்லாம் பழையவை, ஆனால் துடைத்துத் துடைத்துப் பளபளத்தன. தன் வண்டியின் கார்புரேட்டரை எப்போது கழற்றிச் சுத்தம் செய்தார் என்று அங்கிருந்த எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் இல்லை. ஆம்பூரில் இருக்கும் என் அண்ணனுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று போன மழைக்காலத்தில் தெரிந்தது. தெரிந்தபோது அது எலும்பு வரைக்கும் போயிருந்தது. தம்பி இருந்தால் அவரையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் கேட்பார்.

"பாத்தியாடா?"

"இந்த வாரம் எலெக்‌ஷன் வேலைண்ணே."

"உங்க பேப்பர்ல மட்டும் எலெக்‌ஷன் முடியறதே இல்லையாடா?"

அதற்குள் எனக்கும் தொந்தரவு தொடங்கியிருந்தது. சிறுநீர் அவசரமாக வரும், போய் நின்றால் கொஞ்சம்தான் போகும், திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி வரும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் எந்தெந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது மனப்பாடமாகிவிட்டது. மனைவிக்குத் தெரியாது. தேநீரைக் குறைத்துவிட்டேன் என்று மட்டும் கவனித்து, அசிடிட்டியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஊர்வலத்துக்குப் பெயர் கொடுத்தபோது பாதிக் கடமை முடிந்தது போல இருந்தது. பரிசோதனைக்குப் போகாத ஒருவன், பரிசோதனைக்குப் போங்கள் என்று சொல்லும் ஊர்வலத்தில் வண்டி ஓட்டுகிறான். இப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் முதல் பக்கத்துக்கு அனுப்பியிருப்பேன்.

கூட்டமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார். அவர் யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் எவர் நின்றாலும் அவரும் நிற்க வேண்டும்; அந்த ஆள் கிளம்பிய பிறகுதான் அவர் கிளம்பலாம். அன்றைக்கு அந்த வேலை ஜீவனஹள்ளிக்காரர் ஒருவருக்கு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். கோட்டின் மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நின்றால் யாருக்கும் தெரியக் கூடாது என்று நானே விரும்பிக் கடைசி வரிசைக்குப் போயிருந்தேன். இந்த வழக்கம் கிளம்பும்போதுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

நெலமங்கலம் வரை போய்த் திரும்பி, பீன்யாவில் ஒரு தொழிற்சாலை மைதானத்தில் முடிப்பது திட்டம். மேக்ரி சர்க்கிள் தாண்டியதும் எனக்கு வந்துவிட்டது. பங்கில் வண்டியை விட்டேன். வெளியே வந்தபோது ஆரஞ்சு ஜாக்கெட் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னா சார், டீ சாஸ்தி ஆயிடுச்சா?"

"ஆமா."

யஷ்வந்தபுரம் மேம்பாலம் இறங்கியதும் மறுபடி. இந்த முறை அவர் கண்ணில் படாமல் லாரிக்குப் பின்னால் போய் வந்தேன். பார்த்தால் அவர் குனிந்து என் சைலன்சரை முகர்ந்துகொண்டிருந்தார்.

"வண்டி எதுனா பேஜார் பண்ணுதா சார்?"

அவரே கொடுத்த காரணம். எடுத்துக்கொண்டேன்.

"மிஸ்ஸிங் அடிக்குது. கொஞ்சம் ஆற விட்டா சரியாயிடும்."

"ஆறட்டும், ஆறட்டும். நமக்கின்னா அவசரம்? முன்னாடி போறவங்க எல்லாரும் போட்டோ எடுக்கத்தான் நிப்பாங்க."

அதிலிருந்து அவர் பேச்சு என் வண்டியைப் பற்றியே ஆனது. சிக்னலில் நின்றால் பக்கத்தில் வந்து, காதைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். "நல்லாத்தான் பாடுது. ஆனா உள்ள இன்னா இருக்கோ, யாருக்குத் தெரியும்?" என்றார். நான் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெலமங்கலத்துக்குச் சற்று முன்னால் மூன்றாவது முறையாக ஓரம் கட்டினேன். சுற்றிலும் கட்டடம் இல்லை, புதர் இல்லை, நெடுஞ்சாலைத் தடுப்பு மட்டும்தான். எங்கே போவது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இறங்கிவிட்டார். என் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, பழுதாகும் வண்டிகளை ஏற்றிக்கொள்ள எங்களுக்குப் பின்னால் தள்ளி வந்துகொண்டிருந்த உதவி வேனுக்குக் கை காட்டினார்.

வண்டியை ஏற்றிவிடலாமா என்று வேன் ஓட்டுநர் பலகையை இறக்கிக்கொண்டே கன்னடத்தில் கேட்டார்: "லோட் மாடோணா சார்?"

"மாடு குரு, ஏத்திடு. மூணு வாட்டி நின்னுட்ச்சு. நடு ரோட்டுல எஞ்சின் ஜாம் ஆனா ஆளு போயிடுவாரு," என்றார் ஆரஞ்சு ஜாக்கெட். என் பக்கம் திரும்பி, "நீங்க வேன்ல ஏறிக்குங்க சார். அதுல ஏசி கீது. கல்யாண மாப்ள மாதிரி வரலாம்."

எந்தக் குறையும் இல்லாத என் வண்டியின் ஹாண்டில்பாரில் கயிறு கட்டத் தொடங்கினார்கள். நான் கால் மாற்றி நின்றேன். அடிவயிறு இறுகிக்கொண்டிருந்தது. வேனில் ஏறிவிட்டால் பீன்யா வரை நிறுத்தச் சொல்ல முடியாது. சொன்னால் என்ன காரணம் சொல்வது? வேனில் எஞ்சின் கோளாறு என்று சொல்ல முடியாது.

"கட்டாதீங்க," என்றேன். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது. ரொம்ப நாளா இருக்கு. எங்க அண்ணனுக்கு இதுலதான் கேன்சர் வந்துது."

நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆரஞ்சு ஜாக்கெட் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். வேன் ஓட்டுநரிடம் கன்னடத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். வேன் சாலை ஓரமாக, எனக்கு மறைப்பாக, நீளவாட்டில் வந்து நின்றது. அதன் பின்னால் போனேன். வழக்கம்போலக் கொஞ்சம்தான் போயிற்று.

திரும்பி வந்தபோது அவர் பிளக்கை மாட்டி முடித்திருந்தார்.

"டாக்டராண்ட காமிச்சீங்களா?"

"இல்ல."

"இன்னா சார் நீங்க. நானு முக்கா மணி நேரமா வண்டியப் பாத்துனு கீறேன்."

நெலமங்கலம் வரை போகாமல் அங்கேயே திரும்பினோம். இந்த முறை அவர் முன்னால் போனார். இரண்டு பங்குகளில், நான் கேட்காமலே, இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினார்.

பீன்யா மைதானத்தில் ஒரு மூலையில் ரத்தப் பரிசோதனை மேசை போட்டிருந்தார்கள். சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முதலில் வந்து சேர்ந்தவர்கள் இட்லி வரிசையில் நின்றிருந்தார்கள். நான் உட்கார்ந்து கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்தேன். அண்ணனைப் பற்றி, தொந்தரவைப் பற்றி, கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஊசியை எடுத்த டாக்டர் நின்றார்.

"நீங்களும் வண்டியிலதானே வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப இன்னைக்கு வேணாம். சீட்டுல உக்காந்து குலுங்கி வந்தா அந்தச் சுரப்பி அழுந்தி ரிசல்ட் ஏறிக் காட்டலாம். ரெண்டு நாள் வண்டி ஓட்டாம வாங்க. உங்களுக்கு வெறும் ரத்தம் மட்டும் போதாது, யூராலஜிஸ்டையும் பாக்கணும். அத மட்டும் தள்ளிப் போடாதீங்க."

இவ்வளவு நாள் தள்ளிப் போட்டவனுக்கு அந்த இரண்டு நாள் பெரிதாகத் தெரிந்தது. இப்போதே எடுத்துவிடுங்களேன் என்றேன். அவர் முடியாது என்று தலையாட்டினார்.

பின்னால் நின்றிருந்த ஜீவனஹள்ளிக்காரர் குறுக்கிட்டார். "டாக்டரம்மா, நானு பின்னாடி ஒக்கார வெச்சு வூட்ல வுட்டா?"

"அதுவும் சீட்டுதான்."

"வண்டிய நம்ம கூட வந்த வேன்ல போட்டு வூட்டாண்ட எறக்கிடறேன் சார்," என்று சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன்.

மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றேன். கதவோரம், பிறகு நடுவில், பிறகு மறுபடி கதவோரம். கோட்டும் டையும் ஹெல்மெட்டுமாக நின்றவனை ஒரு குழந்தை உற்றுப் பார்த்தது. மெஜஸ்டிக் நிலையத்தில் ஒரு முறை இறங்கிக் கழிப்பறைக்குப் போய் வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

"வண்டி எங்கே? ரிப்பேரா?"

ஆமாம் என்றால் அத்துடன் முடிந்துவிடும். இல்லை என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. அண்ணனில் தொடங்கி மேசை டாக்டர் வரை சொன்னேன். அசிடிட்டி இல்லை என்பதையும் சொன்னேன். அவள் போனை எடுத்து, புதன்கிழமை காலைக்கு யூராலஜிஸ்ட் இருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினாள். எனக்கு மறுபடி வந்தது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.