நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி

போன வாரம் எங்கள் வீட்டில் தயிர் உறையவில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது.

கார்த்திகை பிறந்ததும் கோயம்புத்தூர் இல்லத்தரசிகளுக்கு வருடம் தவறாமல் நடக்கும் அநியாயம் இது. எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் முக்கி வைத்துவிட்டு, தயிர்ப் பாத்திரத்தைத் துண்டால் சுற்றி அரிசி டப்பாவுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரிடமாவது புலம்பலாம் என்றால், 'பாக்கெட் தயிர் வாங்கிக்கலாமே' என்று உடனே பதில் வந்துவிடும். எனக்கு வேண்டியது தயிரா? புலம்புவதற்கு ஒரு காது. தீர்வு சொல்கிறவர்களிடம் புலம்பவே கூடாது.

அதற்குத்தான் எங்களுக்கு பேக்கரி இருக்கிறது.

ஆர்.எஸ்.புரத்தில் காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலு பேர் ஒரு பேக்கரி வாசலில் நின்று டீ குடிப்போம். ஸ்டெல்லா டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிறு பூசை தவறாதவர். பொய் சொல்ல மாட்டார், பக்கத்தில் இருப்பவர்களையும் சொல்ல விட மாட்டார். நூர்ஜஹான், எங்களில் சின்னவள். அவள் கணவருக்கு டவுனில் பாத்திரக் கடை. அப்புறம் ரத்தினா. அப்புறம் நான்.

நாலு பெண்கள் ரோட்டோரம் நின்று டீ குடிப்பதை முதல் வருடம் தெருவே திரும்பிப் பார்த்தது. நாங்களும் திருப்பிப் பார்த்தோம். இப்போது டீ மாஸ்டர் கேட்காமலே மூன்று ஸ்ட்ராங், ஒன்று சர்க்கரை இல்லாமல் என்று போட்டு நீட்டிவிடுகிறார்.

குளிர்காலத்தில் எங்கள் மாநாடு கொஞ்சம் நீளும். குதிகால் வெடிப்பு, முட்டி வலி, கீசர் ஆன் செய்துவிட்டுத் தூங்கிப்போகும் கணவர்... டீச்சரின் மகள் கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்வெட்டர் ஒன்று போதும், ஒரு வாரம் பேசலாம். போட்டால் வியர்க்கிறது, கழற்றினால் நடுங்குகிறது. இதெல்லாம் ஒரு குளிரா என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊர்க் குளிருக்கு நாங்கள் மப்ளர் கட்டிக்கொள்கிறோம், அவர்களுக்கு என்ன?

ஆனால் இந்தக் கார்த்திகையில் எங்கள் பேச்சு தயிரில் நிற்கவில்லை. ரத்தினாவின் வண்டிக்குப் போய்விட்டது.

ரத்தினாவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் கணவர் போய்ச் சேர்ந்தார். மகன் பிரபு பெங்களூருவில். தோப்புக்கு பஸ்ஸில் போனால், இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். இல்லையென்றால் கொழுந்தனாரின் கார் எப்போது அந்தப் பக்கம் போகும் என்று காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் காத்திருந்து பார்த்தாள். ஐம்பத்தாறாவது வயதில் ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள்.

ஓட்டத் தெரியாது. வாங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டாள். ஸ்கூல் மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியது யார் என்று நினைக்கிறீர்கள்? டீச்சருக்குச் செருப்பு அறுந்தது, எனக்கு மூச்சு அறுந்தது. முதல் தடவை தனியாகத் தோப்புக்குப் போய், ஆளுக்கு ஒரு இளநீரோடு திரும்பி வந்தாளே... அன்றைக்கு நாங்கள் நடுரோட்டில் நின்று கை தட்டினோம். நூர்ஜஹான் அழுதேவிட்டாள். ஆர்.சி. புத்தகத்தில் ரத்தினா பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாள். மூன்று வாரம் முன்பு ஒரு காலை, தோப்புக்குத் திரும்பும் வளைவில் நல்ல பனி மூட்டம். முந்தின நாள் இருட்டியபின் அந்த வழியே இறங்கிய யானை, போகிற போக்கில் ரோட்டின் நடுவில் லத்தி போட்டுவிட்டுப் போயிருக்கிறது. கிட்டே வந்த பிறகுதான் ரத்தினாவுக்குத் தெரிந்திருக்கிறது. பிரேக் பிடித்தாள், சறுக்கி விழுந்தாள். முழங்கையும் முட்டியும் சிராய்த்தன. தானே எழுந்து, தானே வண்டியை நிமிர்த்தி, தோப்புக்குப் போய் மரத்திலிருந்து காய் பறித்துப் போடும் வேலையைப் பார்த்து முடித்துவிட்டு, திரும்பி வந்துதான் ஊசி போட்டுக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் 'யானை', 'விழுந்தாங்க' என்ற இரண்டு வார்த்தைகள் சொந்தக்காரர்கள் வழியாக பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் யானைக்குக் கால் முளைத்துவிட்டது. கொடுமுடியில் இருக்கும் சித்தி போன் செய்து, வண்டியைத் தும்பிக்கையால் தூக்கிப் போட்டதா என்று கேட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பிரபு வந்துவிட்டான். அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். நல்ல பையன். அம்மாவின் முழங்கைக் கட்டைப் பார்த்து அவன் கண் கலங்கியதை நானே பார்த்தேன். எங்கள் மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தான். காபி, மிக்சர், பெங்களூரு ஸ்வீட். அப்புறம் ஆபீஸில் பேசிப் பழகிய குரலில் ஆரம்பித்தான். பனிக்காலம், அம்மாவின் வயது, எலும்பு முறிந்தால் எத்தனை மாதம் படுக்கை, யானை நடமாட்டம் பற்றிய வீடியோ ஒன்று... தோப்புக்குப் போக அவனே போனிலிருந்து கார் புக் பண்ணிவிடுவானாம். வண்டியை விற்றுவிடலாமாம். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. இந்த வயசுல அம்மாவுக்கு இது தேவைங்களா?"

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரியாதைக்குப் பேர் போன ஊர். நல்லதுதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை, அதுவும் வெளியூரிலிருந்து ஸ்வீட் பாக்ஸோடு வந்த பிள்ளை, ஒன்று சொன்னால் முகத்துக்கு நேராக மறுத்துப் பேச எங்களுக்கு வராது. மறுப்பையெல்லாம் வாசல் தாண்டி, செருப்பு மாட்டிக்கொண்டு, தெருமுனையில் வைத்துப் பேசுவோம்.

தம்பி சொல்வதும் நியாயம்தான் என்றேன் நான். அக்கறை இருக்கிறதால்தானே சொல்கிறார் என்றாள் நூர்ஜஹான். டீச்சர் பொய் சொல்லவில்லை, மிக்சரை வாயில் போட்டுக்கொண்டார். வாராவாரம் இந்தப் பக்கத்தில் பெண் சுதந்திரம், தன்மானம் என்று உங்களிடம் வாய் கிழியப் பேசுகிறவள்தான் நான். அன்றைக்கு அந்த வாயில் கொழுக்கட்டையைத்தான் வைத்திருந்தேன்.

ரத்தினா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் மகனிடம், "பாக்கலாங் கண்ணு" என்றாள்.

அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். 'ஒரே ஓனர். பெண்மணி ஓட்டிய வண்டி.'

திங்கட்கிழமை பேக்கரியில் ரத்தினா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நாங்கள் குதிகால் வெடிப்பைப் பற்றிப் பேசிப் பார்த்தோம், எடுபடவில்லை. கடைசியில் அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு போனப்பக்கூட எனக்கு ஆருமில்லீனு நான் நெனச்சதில்லீங்க டீச்சர். நேத்துத்தான் நெனச்சேன்."

டம்ளரை வைத்துவிட்டு நடந்து போய்விட்டாள். மாஸ்டர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ரோட்டைப் பார்த்தோம். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. பிள்ளையின் முகம் வாடிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினோமே, இவள் முகத்தை யார் பார்த்தது?

சரி, இப்போது என்ன செய்வது? பிரபுவுக்குப் போன் செய்து மறுத்துச் சொல்லலாம். சுலபம்தான். ஆனால் ஐந்து நாளாக யாருக்கும் விரல் அந்த நம்பருக்குப் போகவில்லை. நீ பேசு, நான் பேசறேன், டீச்சர் பேசட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம். அதற்குள் வண்டி பார்க்க ஒருவர் சனிக்கிழமை காலை வருவதாக பிரபு சொல்லிவிட்டான்.

வண்டியில் ஏகப்பட்ட கோளாறு என்று சொல்லித் துரத்திவிடலாம் என்றாள் நூர்ஜஹான். பொய் சொல்வதானால் நான் வாசற்படி ஏற மாட்டேன் என்றார் டீச்சர். அப்புறம் எங்களுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். உபசாரம். சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் ரத்தினா வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டோம்.

வந்தவர் அன்னூர்ப் பக்கம். செந்தில் என்று பெயர். முப்பது வயது இருக்கும், அமைதியான ஆள். வேலைக்குப் போகும் மனைவிக்காக வண்டி தேடுகிறாராம். ஒருக்கா வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாமுங்க, முதலில் சாப்பிடுங்க என்று உட்கார வைத்தோம். எங்கள் ஊர் இடியாப்பமான சந்தவை, தேங்காய்ப் பால். இன்னும் ரெண்டு பிழிந்து வைத்தோம். நூர்ஜஹான் வீட்டிலிருந்து ரவையில் செய்த தம்ரூட் கொண்டு வந்திருந்தாள், அது ஒரு துண்டு. பிறகு காபி. சொந்த ஊர், மாமனார் ஊர், குழந்தை எந்த ஸ்கூல் என்று விசாரித்தோம். அவர் ஒவ்வொரு முறை எழுந்திருக்கப் பார்த்தபோதும் ஒரு தட்டு முன்னால் வந்தது. பாவம், வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் நாலு தடவை பார்த்தார்.

ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. அப்போது பிரபுவின் வீடியோ கால் வந்தது. ரத்தினா போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். முடிந்ததா என்று கேட்டான்.

ரத்தினா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லீங் கண்ணு. வண்டிய நான் குடுக்கறதா இல்லீங்க."

எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே என்றான். மறுபடி விழுந்து எழுந்திருக்க முடியாமல் போனால் யார் வந்து பார்ப்பது என்றான். அவன் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அது எனக்குப் புரிந்தது. ரத்தினாவுக்கும் புரிந்திருக்கும், ஆனாலும் அவள் அசையவில்லை.

"சைக்கிள் பழகறப்ப நீங்க எத்தன தடவ உழுந்தீங்க? தாடையில தையல்கூடப் போட்டமே. சைக்கிள நான் வித்துப்போட்டனுங்களா?"

அவன் அம்மாவை விட்டுவிட்டான். போனுக்குள்ளிருந்து என்னைத் தேடினான். "ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க."

டீச்சர் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். கார்த்திகைக் குளிரில் எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. இத்தனை வருடம் எழுதியதெல்லாம் ஒரு பக்கம், இந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கம் என்று தோன்றியது.

"தம்பி, அன்னிக்கு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுட்டு ஆமான்னு சொல்லிப்போட்டேனுங்க. அது பொய்யிங்க. உங்கம்மா வண்டி ஓட்டோணும்."

டீச்சரும் ஆமாம் என்றார். நூர்ஜஹானும் ஆமாம் என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று பிரபு போனை வைத்துவிட்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரத்தினா மட்டும் தம்ரூட் ஒரு துண்டை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். ஆனால் செந்தில் இருக்கிறாரே! அவர் எழுந்து, தட்டை ஓரமாக வைத்துவிட்டு, முன்னாலேயே ஒரு போன் பண்ணி இல்லையென்று சொல்லியிருந்தால் நான் அரை நாள் லீவு போட்டிருக்க மாட்டேனுங்களே என்றார். கோபப்படவில்லை. 'ங்க' போட்டுத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் சொன்னது சரிதானே? ஒரு 'முடியாது' சொல்லத் தைரியமில்லாமல் ஒரு மனிதனின் காலையைச் சந்தவை போட்டு விழுங்கியிருக்கிறோம். மரியாதை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வதில் பாதி, வெறும் பயம். தோப்புத் தேங்காய் எட்டு கொடுத்தோம். அதையும் வேண்டாம் என்று சொல்ல வராமல் வாங்கிக்கொண்டு போனார்.

பிரபு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் கூப்பிட்டு, டயரை மாற்றச் சொன்னானாம். விளம்பரத்தையும் எடுத்துவிட்டான். ரத்தினா இப்போது பனி விலகிய பிறகு எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறாள். அது மகன் சொல்லி இல்லை, அவளாக எடுத்த முடிவு என்பதைத் தினமும் ஒரு தடவை பேக்கரியில் எங்களுக்கு ஞாபகப்படுத்திவிடுகிறாள். டயர் மட்டும் புதுசு.

எனக்குத்தான் ஒரு புது வியாதி வந்துவிட்டது. நேற்று ஒரு கல்யாணத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர், இருபத்தைந்து வயதுக்கு மேல் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது சரியா, நீங்களே சொல்லுங்க என்றார். சொன்னேன். அவர் அடுத்த பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆகையால் ஒரு முன்னெச்சரிக்கை. என்னிடம் யாரும் 'நீங்களே சொல்லுங்க' என்று கேட்டுவிடாதீர்கள்.

சொல்லிப்போடுவேனுங்க.