கடிலாக்குக்கு வைத்த பொட்டு

ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு வாசலில் ஒருநாள் ஒரு கடிலாக் கார் அரைமணி நேரம் நின்றது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நின்றது நின்றதுதான்.

அப்பா வேலைபார்த்த கராஜ், பழைய அமெரிக்கக் கார்களைச் சினிமாக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்கும். காரைக் கழுவித் துடைத்துப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது அப்பாவின் பொறுப்பு. அகதியாக வந்து வருஷக்கணக்காய்ப் பெற்றோல் ஷெட்டில் குளிரில் விறைத்தவருக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை அது. அன்று மறந்துபோன சாப்பாட்டை எடுக்க, காரோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வெள்ளைக் கார். பின்பக்கம் மீன் செட்டைபோல இரண்டு. றோட்டில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது. முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் சப்பாத்தும் போடாமல் ஓடிவந்தார். எட்டு வயதுக்காரி நான் மதிலில் ஏறி நின்று, "எங்கட அப்பான்ர கார்!" என்று கூசாமல் அறிவித்தேன்.

அம்மாவுக்கோ வேறு கவலை. ஊர்க்கண் எல்லாம் பட்டால் என்னாவது! அப்பா தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து, நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்தார். காரைச் சுற்றிவந்து சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்தார்.

வெளியே வந்த அப்பா தலையில் கைவைத்தார்.

"இஞ்சேரும், இதில ஒரு கீறல் விழுந்தாலே நாளைக்கு வரவேண்டாம் எண்டுவாங்கள். நீர் தேராக்கி வச்சிருக்கிறீர்!"

"தேரெண்டால் பத்திரமாப் போய்வரும்தானே" என்றார் அம்மா.

முன்மூடியில் இருந்த பொட்டை அப்பா துடைதுடையென்று துடைத்தார். தேசிக்காய்களை மட்டும் எடுக்கவில்லை. அவருக்கும் உள்ளூரப் பயம். ரிவேர்ஸ் எடுக்கும்போது இடது தோளைக் காதுவரை தூக்குவது அவர் பழக்கம். அப்படியே தூக்கிக்கொண்டு, தேசிக்காய்களை நசித்தபடி போனார்.

பின்னேரம் வந்தவரிடம், "படத்தில காரை ஆர் ஓடினது?" என்று அம்மா கேட்டார்.

"அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம். நான் ஓரமா நிண்டு பாத்தனான்."

அடுத்த வருஷம் அந்தப் படம் வீடியோ கசெற்றில் வந்தது. சொந்தக்காரர் எல்லாம் எங்கள் ஹோலில் கூடிவிட்டார்கள். படத்தின் கதை ஒருவருக்கும் விளங்கவில்லை; கார் எப்போது வரும் என்பதுதான் எங்களுக்குக் கதை. கடைசியில் வந்தது! அமெரிக்கா என்று காட்டிய இடம் கிழக்கு லண்டனில் ஒரு ஒடுங்கிய சந்து. எதிரிகள் சுட்டுக்கொண்டு துரத்த, தொப்பி போட்ட கதாநாயகன் காரை ரிவேர்சிலேயே பறக்கவிட்டான். இரு பக்கமும் சுவர், கை வைக்க இடமில்லை. தொப்பி நிழலில் முகம் தெரியவில்லை. இடது தோள் மட்டும் காதுவரை உயர்ந்திருந்தது. காரின் பின்பக்கம் எங்களை நோக்கி வர வர, இலக்கத்தகட்டுக்கு மேலே, அட கடவுளே, சந்தனமும் குங்குமமும்! அம்மா அங்கேயும் வைத்தது அப்பாவின் கண்ணில் படவேயில்லை.

மாமா விசிலடித்தார். "எங்கட பொட்டு! எங்கட பொட்டு!" என்று நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

"ஓரமா நிண்டு பாத்தனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றார், மெல்ல.

"ஆக்களுக்கு வடையைக் குடுமப்பா" என்றார் அப்பா, ரீவியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் பொட்டின் பெருமையை அளந்துதள்ளினேன். காரை அப்படி ஓட்டியது ஆர் என்று ஒரு பெடியன் கேட்டான்.

"அது பெரிய அமெரிக்க நடிகர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.