பச்சை முனியாக்கள் பறந்த வெள்ளிக்கிழமைகள்

கூண்டைத் திறந்ததும் அவை பறக்கவில்லை. ஆறு குருவிகளும் வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றன. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, விலாவில் கறுப்பும் வெள்ளையுமாய் வரிகள், சிவந்த அலகு. அக்காவின் கணவரான அத்திம்பேர் மெல்லக் கூண்டைத் தட்டினார். மாதுங்காவில் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில், வெள்ளிக்கிழமைக் காலைகள் இப்படித்தான் விடிந்தன.

அக்காவுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்து, அது மூன்றாவது. பிரசவம் வரைக்கும் வாராவாரம் ஆறு பறவைகளை விடுவிக்கச் சொல்லியிருந்தார் ஜோசியர். ரயில்வே குமாஸ்தாவான அத்திம்பேருக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் பக்கத்துக் குர்லாவில் பிடித்த சிவப்பு முனியாக் குருவிகளைத்தான் பறவைக்காரரிடம் வாங்கினார். மூன்றாம் வாரம், முன்பே விட்ட விரல் ஒடிந்த ஒரு குருவி, மறுபடி பிடிபட்டு அவர் கொண்டுவந்த கூண்டுக்குள் இருந்தது. விட்டதையே விட்டால் புண்ணியம் ஏது என்று பதறிப்போய், தூர தேசத்துப் பறவையாகக் கொண்டுவரும்படி பறவைக்காரரிடம் சொல்லிவிட்டார். அபு மலையடிவாரத்திலிருந்து ரயிலேறி வந்தவைதான் இந்தப் பச்சை முனியாக்கள்.

துணி உலர்த்தப் போகும் நான்தான் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தேன். இந்த ஊர் தெரியாத அந்தக் குருவிகள் கைப்பிடிச் சுவரிலேயே திகைத்து உட்கார்ந்திருக்கும். காக்கைகளுக்கு அது போதும். பச்சை இறகுகளை நான் பெருக்கித் தள்ளுவேன். ஒருநாள் மாடிப்படியில் பறவைக்காரரைப் பிடித்துக் கேட்டேன். முன்பெல்லாம் இந்தப் பச்சையை யாரும் கேட்டதில்லை, பாபு என்று அவர் அழைக்கும் அத்திம்பேருக்காகத்தான் தன் மைத்துனன் அங்கே வலை விரிக்கிறான், இப்போது அந்த அடிவாரக் கரும்புக் காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாததால் அடுத்த மலைக்குப் போகிறான் என்றார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது.

அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். சொன்னால் அவள் மனம் உடையும், சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் ஆறு சாகும். எது பாவம் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் அத்திம்பேரிடம் மட்டும் சொன்னேன். அவர் வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேக்குத் தெரியும். பச்சை வந்த மொதல் வாரமே பார்த்துட்டேன். நிறுத்தறதுக்குப் பயமா இருக்கு."

அதற்குப் பிறகும் எட்டு வெள்ளிக்கிழமைகள் வந்தன. நானும் இறகுகளைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அவளைக் கையில் வாங்கியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை, அதுதான் இன்றுவரை என்னைக் குழப்புகிறது.

அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. போன மாதம் பத்திரிகையோடு வந்து, அருகிப்போன பச்சை முனியாவைக் காப்பாற்ற வலைக்காரர்களைத் தடுக்கிறார்களாம் என்று படித்துக் காட்டினாள். படத்தை என் கண்ணருகே பிடித்தாள்.

"எவ்வளவு அழகு. நீ பார்த்திருக்கியா சித்தி?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.