நான்கு குப்பிகளின் வரிசை

என் தம்பிக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. கேன் வந்து இறங்கியதும் மூடியைத் திறந்து, அதன் உட்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோவான். ஒரே மூச்சு. பிறகு "போ", இல்லையென்றால் "தள்ளு". முப்பது கேனுக்கு ஒருமுறை தன் முழங்கையை முகர்ந்துகொள்வான். ஒரே வாசத்தில் மூக்கு மரத்துப்போகுமாம். மாடு வெங்காயத்தாள் தின்றிருந்தால்கூடச் சொல்லிவிடுவான். பதினேழு வருடத்தில் அவன் "போ" என்ற பால் திரிந்ததில்லை. அங்கே அவன் பெயரே மூக்கு. "மூக்கு லீவுன்னா நமக்கும் லீவுதான்" என்பார்கள் லாரிக்காரர்கள். எட்டாவதோடு நின்று தையலுக்கு வந்தவள் நான். தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் தலை கொஞ்சம் நிமிரும்.

ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். பின்மண்டையில் அடி. ரத்தம் வரவில்லை, பிழைத்தோம் என்றிருந்தோம். நான்காம் நாள் காபியைக் கீழே வைத்தான்.

"என்னக்கா, வெந்நீருல சக்கரையப் போட்டுக் குடுத்திருக்க?"

"வாய்க்கொழுப்பப் பாரு. தூள் போட்டது யாரு, உன் மாமாவா?"

அவன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்த பாச்சை உருண்டையை முகர்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மூக்கோட உச்சியில சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கும்மா. அந்த ஓட்டைங்க வழியா நூல்நூலா நரம்பு இறங்குது. அதுலதான் வாசனை மூளைக்குப் போவுது. விழுந்த வேகத்துல மூளை குலுங்கி நூல் அறுந்திருக்கும்."

"தச்சுட முடியாதா டாக்டர்?"

"உங்க ஊசிக்கும் எட்டாது, எங்க ஊசிக்கும் எட்டாது. தானா வளந்தா உண்டு. தினம் ரெண்டு வேள நாலு வாசனைய முகர வைங்க."

எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம். நான்கு குப்பி வாங்கினேன். தம்பியின் கண்ணைத் துணியால் கட்டி, ஒவ்வொன்றாக நீட்டி, சொன்ன பதிலை நோட்டில் எழுதி, பிறகு அது இன்னதென்று அவனிடம் சொல்வேன். காலை ஏழு, மாலை ஆறு. ஒரு வேளை தவறவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, "கிராம்பு மாதிரி இருக்குக்கா" என்றான். அழுதுவிட்டேன். அடுத்த வாரம் நான்கும் சரி.

நோட்டைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் நான்தான் போனேன்.

"உறுதியாம்மா?"

"இருபத்திரண்டு நாள் சார். ஒரு தப்பு இல்ல. பாத்துக்குங்க."

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், புளித்த பால் இரண்டு கேன் தொட்டியில் கலந்து, தொட்டி முழுதும் திரிந்துபோனது.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நல்ல பால் வாசம்தான்க்கா வந்துச்சு, சத்தியமா." கொஞ்ச நேரம் குப்பிகளையே பார்த்தான். "அந்த வரிசையக் கலைச்சு வையி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாளும் ஒரே வரிசை. நூல்கண்டைக்கூட நிறம் பார்த்து அடுக்குகிறவள், குப்பியை மாற்றி நீட்டுவேனா?

அவன் கண்ணைக் கட்டிவிட்டுக் கலைத்தேன். முதலில் ரோஜா.

"எலுமிச்சை" என்றான்.

அடுத்து எலுமிச்சை. "கிராம்பு."

தைலத்தை மட்டும் சரியாகச் சொன்னான். அது மூக்கில் ஏறும் சில்லிப்பு, வாசனைக் கணக்கில் வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அவன் பொய் சொல்லவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்ததால், பழைய வாசத்தை மூளையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. கேன் மூடியைத் திறந்தபோதும் அதுவேதான்.

ஒரு வருடமாகிவிட்டது. நூல் வளரவில்லை. இனி நம்பியிருக்காதீர்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தம்பி இப்போது அதே இடத்தில் காலி கேன் கழுவுகிறான். போன வாரம் அவன் வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். கழுவிய மூடியைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோய், ஒரு மூச்சு இழுத்து, "போ" என்று முணுமுணுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கழுவுன மூடியில என்னடா வாசம் இருக்கப்போவுது?"

"ஒண்ணும் இருக்காதுக்கா" என்றான், அடுத்த மூடியை எடுத்தபடி. "இது ஒண்ணுலதான் நான் சொல்றது சரியா இருக்கு."