எங்கள் வீட்டு மங்கோலியா

பூந்தமல்லியில் நான் படித்த பள்ளியில், பதினொன்றாம் வகுப்பில் பன்னாட்டுக் கல்வி என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு நாடு. வருடம் முழுக்கத் தினமும் காலையில் அந்த நாட்டைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு பிரான்ஸ் விழுந்தது, எனக்கு மங்கோலியா. அந்த எரிச்சலில், சுரங்கம், ஏற்றுமதி என்று போனில் கிடைத்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

மார்கழியில் ஒருநாள், அங்கே குளிர் மைனஸ் முப்பது என்று வீட்டில் சொன்னேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, கிளிப்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"அப்போ அங்க துணிய எப்டி காய வெப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன், மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. எல்லோருமாகத் தேடினோம். வெளியே போட்டால் துணி பலகை மாதிரி விறைத்துப்போகுமாம். ஆனாலும் மெல்லக் காய்ந்துவிடுமாம். அன்றைக்குப் பிறகு பிரான்ஸ்காரியிடம் யாரும் ஜனாதிபதியைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கே பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கொண்டுபோவார்களா என்று கேட்டார்கள்.

ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் நாடுகளை மாற்றினார்கள். எனக்கு பிரேசில். நான் ஆசைப்பட்ட நாடு. மாடிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

"அது இருக்கட்டும்டி. நம்ம மங்கோலியாவுல வெயிலு வந்துச்சா, இன்னா?"