கடைசிப் படகும் ஒரு கடவுச்சொல்லும்

விவாத அணியில் தீவகத்தான் நான் ஒருவனே. பயிற்சியின் நடுவில் எழுந்து குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் பேருந்துக்கு ஓடுவது என் வழக்கம். நயினாதீவுக்கான கடைசிப் படகு எவர் வாதத்துக்கும் காத்திராது. எனினும் இறுதிப் போட்டியின் தொகுப்புரை எனக்கே என்று அணித் தலைவன் வாக்களித்திருந்தான். ஈடாக, சான்றுக் கட்டுரைகளை நான் திரட்ட வேண்டும்.

போயா எனும் முழுநிலா விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்ததால், பல்கலைக்கழக நூலகம் மூன்று நாள் பூட்டு. வீட்டிலிருந்தே அதன் ஆய்விதழ்களைத் திறக்கும் அனுமதியை அணியில் நான் மட்டுமே கேட்டுப் பெற்றிருந்தேன். நூலகத்துக்கு நடந்து போகக்கூடியவர்களுக்கு அது எதற்கு?

உலாவியின் அமைப்புகளில் நூலகத்தின் இடைவழிக் கணினியான ப்ரொக்சியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் இட்டேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு சிறு பெட்டி எழுந்தது. இருமுறை மறுத்தது. பெயருக்குப் பதில் முழு மின்னஞ்சல் முகவரியை இட்டதும் வழிவிட்டது. தலைவனும் கேட்டான் என்பதால், அவனுடைய மடிக்கணினியிலும் அதே வழியைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அமைத்துக் கொடுத்தேன், என் கடவுச்சொல்லோடு.

மறுநாள் அழைத்தான்.

“ஐசே, கட்டுரையள் திறம். ஒரு விசயம், தொகுப்புரையை நான் செய்யிறன். போட்டி முடியப் பொழுதுபட்டிடும். நீர் படகுக்கு ஓடினா மேடையிலை கதிரை வெறுமையாக் கிடக்கும்.”

“அண்டைக்கு டவுனிலை மாமா வீட்டிலை தங்கிறன் எண்டு சொன்னனான்.”

“ஓம், சொன்னனீர்தான். ஆனா பேர்ப்பட்டியல் குடுத்தாச்சு. நீர் சபையிலை இருந்து கை தட்டும். இன்னும் நாலைஞ்சு கட்டுரை எடுக்கக் கிடக்கு, பிறகு கதைக்கிறன்.”

மறுப்புரைக்கு நேரம் ஒதுக்காத நடுவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். அழைப்பு துண்டிக்கப்பட்டதும் என் கடவுச்சொல்லை மாற்றினேன்.

சற்று நேரத்தில் மீண்டும் அவனே.

“ஐசே, இந்தப் பெட்டி திரும்பத் திரும்பக் கேக்குது.”

“கேக்கும். ஆரெண்டு தெரியாமல் அது உள்ளை விடாது. உம்மடை பேரைப் போட்டுப் பாரும்.”

“எனக்கு அனுமதி இல்லையெண்டு உமக்குத் தெரியுந்தானே?”

“தெரியும்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“நூலகம் திறக்கட்டும். உமக்கு நடக்கிற தூரம்தானே.”

போட்டியன்று கைதட்டப் போக நான் தீவிலிருந்து படகேறவில்லை. இரவு தங்க வரமாட்டேன் என்று மாமாவுக்கு மட்டும் அறிவித்தேன்.